தொடாமல் கொடுத்த சமாதானம்

பியற்றிஸுக்கு லண்டனில் ஒரு பட்டப்பெயர் இருந்தது: உம் சலாம். அரபு மொழியில் சமாதானத்தின் தாய் என்று பொருள். பிள்ளையின் பெயரைச் சொல்லித் தாயை அழைப்பது லெபனான்காரரின் வழக்கம். பியற்றிஸுக்குப் பிள்ளையில்லை. அந்தப் பெயரை முதன்முதல் கேட்ட ஞாயிற்றுக்கிழமை, பிளேஸ்டோவுக்குத் திரும்பும் பஸ்ஸில் அவள் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். அந்த அழுகையில் பிழை காண முடியாது. பிழை பிறகுதான் வந்தது.

அவள் யாழ்ப்பாணத்துக் கரையோரக் கிராமமொன்றின் கத்தோலிக்கப் பெண். தகப்பன் கோயில் மூப்பர், அதாவது சுவாமியாருக்கு அடுத்தபடி ஊரில் சொல் செல்லுபடியாகிற ஆள். எண்பத்தைந்தில் கணவன் செல்வரத்தினத்தோடு அகதியாக வந்து சேர்ந்தபோது அந்த மூப்பர் பரம்பரையை ஹீத்ரோவில் ஒருவரும் விசாரிக்கவில்லை. செல்வரத்தினம் பெற்றோல் செற்றில் வேலைக்கு நின்றார். பியற்றிஸுக்கு மேற்கு லண்டன் ஹோட்டல் ஒன்றில் கட்டில் விரிக்கிற வேலை. ஞாயிறு காலையும் ஷிப்ட் இருந்ததால் காலைப் பூசைக்குப் போக ஏலாது. தமிழ்ப் பூசையோ மாதத்துக்கு ஒருமுறை, அதுவும் எங்கோ ஒரு மூலையில். ஒருநாள் வேலை முடிந்து வந்தவள், வழியில் திறந்திருந்த கோயில் ஒன்றுக்குள் ஒரு பரலோக மந்திரமாவது சொல்லிவிட்டுப் போவோம் என்று நுழைந்தாள். உள்ளே சாம்பிராணிப் புகை மூக்கைத் துளைத்தது. ஆட்கள் வெள்ளைக்காரருமில்லை, தமிழருமில்லை. பாட்டு ஒப்பாரிக்கும் தாலாட்டுக்கும் நடுவில் எங்கோ போய்க்கொண்டிருந்தது. அவள் கடைசி வாங்கில் உட்கார்ந்தாள். பிறகு பத்து வருடங்களுக்கு மேல் அந்த இடத்தை மாற்றவில்லை.

அவர்கள் லெபனான்காரரான மரோனைட் கத்தோலிக்கர். பாப்பரசரை ஏற்றுக்கொண்டவர்கள், ஆனால் பூசை தங்கள் முறையில்தான். நாட்டில் சண்டை தொடங்கியதும் தங்கள் மலைநாட்டை விட்டு வந்தவர்கள்: பாங்க் கிளார்க்குகள், சாப்பாட்டுக் கடைக்காரர், படிக்க வந்து திரும்ப முடியாமல் போன பெடியன்கள். சொந்தக் கோயில் இல்லை. ஆங்கிலேயப் பங்கு ஒன்றின் கோயிலை ஞாயிறு பிற்பகலுக்கு மட்டும் இரவலாக வாங்கியிருந்தார்கள். தங்கள் புனிதரின் படத்தையும் தூபகலசத்தையும் ஓர் அலுமாரிக்குள் பூட்டி வைத்து, பூசைக்கு எடுத்து, முடிந்ததும் திரும்பப் பூட்டவேண்டும். மாலைப் பூசைக்கு வருகிற வெள்ளைக்காரருக்குப் புகை வாசம் பிடிக்காதென்று யன்னல்களையும் திறந்துவிட வேண்டும். இரவல் வீட்டில் குடியிருக்கிறவர்களின் பதற்றம் பியற்றிஸுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. படம் துடைக்கவும் யன்னல் திறக்கவும் அவளாகவே கை கொடுத்தாள்.

அவர்களது பூசையில் அவளுக்கு மிகவும் பிடித்தது சமாதானம் கொடுக்கிற முறை. அபூனா, குருவானவரை அவர்கள் அப்படித்தான் அழைப்பார்கள், முதலில் பீடத்தைத் தொடுவார். பிறகு கூப்பிய கைகளைப் பூசை உதவிக்காரரின் விரித்த கைகளுக்குள் வைப்பார். அவர் அதை அப்படியே பொத்தி வாங்கி முதல் வாங்கில் இருப்பவரின் கைகளுக்குள் வைப்பார். அங்கிருந்து சமாதானம் கைமாறிக் கைமாறி இடதுபக்கத்து வாங்குகளால் பின்னுக்கு வந்து, நடுப்பாதையைத் தாண்டி, வலதுபக்கத்தால் முன்னுக்குப் போகும். யாரும் தன் பாட்டுக்கு உண்டாக்க முடியாது. ஒருவர் தந்தால்தான் மற்றவருக்கு. திரும்புகிற இடத்தில் பியற்றிஸ் இருந்தாள்.

தொண்ணூறாம் ஆண்டு பிறந்ததும் லெபனானில் கிறிஸ்தவரும் கிறிஸ்தவருமே இரண்டு பட்டாளமாகப் பிரிந்து ஒருவரையொருவர் சுட்டார்கள். லண்டனில் அது வாங்குகளுக்கு இடையில் வந்து நின்றது. ஒரு கட்சிக்காரர் இடதுபக்கம், மறு கட்சிக்காரர் வலதுபக்கம். சமாதானம் இடதுபக்கத்தால் வந்து கடைசி வாங்கில் நின்றுவிடும். வலதுபக்கத்தில் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எதிரியின் கையால் வந்தது வேண்டாமாம். அபூனா பீடத்தில் நின்றபடி பார்த்துக்கொண்டிருப்பார், பாவம். ஊரில் தமிழ் இயக்கங்கள் தங்களுக்குள் சுடுபட்டதைக் கடிதங்களில் வாசித்திருந்த பியற்றிஸுக்கு ஒரு ஞாயிறு பொறுமை போய்விட்டது. அவள் எழுந்தாள். ஹோட்டல் யூனிபோர்மின் மேல் போட்ட கோட்டோடு நடுப்பாதையைத் தாண்டி, வலதுபக்கத்து மீசைக்காரர் ஒருவருக்கு முன்னால் கைகளைக் கூப்பி நீட்டினாள். எந்தக் கட்சியிலும் இல்லாத கறுத்த மனுசியின் கையை எப்படித் தட்டுவது? அவர் வாங்கினார். சமாதானம் முன்னுக்குப் போனது. அவர்களுடைய சண்டை அடங்கும்வரை ஒவ்வொரு ஞாயிறும் அவள் அதைச் செய்தாள். பெயர் அப்படி வந்தது. பியற்றிஸுக்குத் தலை கொஞ்சம் கனத்தும் போனது. மூப்பரின் மகள் என்றால் சும்மாவா?

தொண்ணூற்றிரண்டில் றோஸ்மலர் வந்தாள்.

லெபனான்காரரின் பாண் சுட்டு விற்கிற கடையில் அவளுக்கு வேலை. கடைக்கார அம்மா அவளையும் பூசைக்குக் கூட்டி வந்தாள். முதல் இரண்டு ஞாயிறும் றோஸ்மலர் நடுவாங்கில் இருந்தாள். முன்னும் பின்னும் இருந்தவர்கள் அவள் கைகளைப் பொத்திப் பிடித்தார்கள். கிழவிகள் பிடித்த கையை விடாமல் நலம் விசாரித்தார்கள். மூன்றாம் ஞாயிறு, கடைசி வாங்கில் ஒரு தமிழ்ப் பெண்ணின் கொண்டையைக் கண்டு, அந்தச் சந்தோஷத்தில் பின்னுக்கு வந்து பக்கத்தில் இருந்தாள். அதுவரை இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் சரியாகப் பார்க்கவில்லை.

சமாதானம் வந்தது. முன்வாங்கில் இருந்த நுஹாட் என்ற கைம்பெண் திரும்பி, பியற்றிஸின் கைகளுக்குள் தன் கைகளை வைத்தாள். பியற்றிஸ் அதை வாங்கி, சிரித்த முகத்தோடு பக்கத்துக்குத் திரும்பினாள். அப்போதுதான் அடையாளம் தெரிந்தது. பனங்காணிப் பக்கத்துச் சின்னவனின் மகள்.

அந்தச் சனத்துக்கு ஊர்க் கோயிலில் வாங்கு கிடையாது. வாங்குகளுக்குப் பின்னால் நிலத்தில்தான் இருப்பு. பெருநாளன்று கோயில் வாசலில் தாகசாந்திப் பந்தலில் எல்லாருக்கும் தம்ளரில் சர்க்கரைத் தண்ணீர். அவர்களுக்கு மட்டும் மேலிருந்து கையில் ஊற்றுவது. பியற்றிஸ் குமராக இருந்தபோது அந்தச் செம்பைப் பிடித்து ஊற்றியிருக்கிறாள். கையேந்தி வாங்கிக் குடித்த சின்னஞ்சிறுசுகளில் றோஸ்மலரும் ஒருத்தி.

பியற்றிஸின் கைகள் நீளவில்லை. வேண்டுமென்று அவள் நினைக்கவில்லை, வேண்டாமென்றும் நினைக்கவில்லை. கைகள் அப்படியே நின்றுவிட்டன. றோஸ்மலர் அதைக் கண்டாள். கண்ணைத் தாழ்த்தி, விரித்திருந்த கைகளை ஒன்றாகச் சேர்த்து, குவித்து, பியற்றிஸின் கைகளுக்கு ஒரு சாண் கீழே ஏந்தினாள். பெருநாள் பந்தலில் ஏந்தியது போலவே. பியற்றிஸ் கைகளை விரித்தாள். இல்லாத தண்ணீர் விழுந்தது. றோஸ்மலர் அதை எடுத்துக்கொண்டு நடுப்பாதையைத் தாண்டிப் போனாள்.

பூசை முடிந்து மண்டபத்தில் கோப்பி குடிக்கும்போது நுஹாட் வந்தாள். இருவருக்கும் பொதுவாயிருந்தது உடைந்த ஆங்கிலம்.

"உம் சலாம், கையைத் தொடாமல் கொடுத்தாயே, அது உங்கள் நாட்டு முறையா?"

இல்லை என்று ஒரு சொல் போதும். பியற்றிஸ் கோப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "ஆம், எங்கள் முறை," என்றாள். பிறகு, யாரும் கேளாமலேயே, "மரியாதை," என்றும் சேர்த்துவிட்டாள்.

நுஹாட் கெட்டவள் அல்ல. அதுதான் வினையாகப் போயிற்று. பிறருடைய வழக்கத்தை மதிக்கவேண்டும் என்று நினைக்கிற நல்ல மனுசி, மண்டபம் முழுக்க இதைச் சொல்லிவிட்டாள். அடுத்த ஞாயிறு அவளே பியற்றிஸுக்கு மேலிருந்து, தொடாமல், ஒரு புன்னகையோடு சமாதானம் தந்தாள். நடுப்பாதைக்கு அப்பால் இருந்தவர்கள் றோஸ்மலரின் கையைத் தொடாமல் வாங்கக் கற்றுக்கொண்டார்கள். சில மாதத்தில் அது கோயில் வழக்கமே ஆகிவிட்டது. புதிதாக வருகிறவர்களிடம் காதுக்குள் சொல்வார்கள்: தமிழ்ச் சகோதரிகளின் கையைத் தொடாதேயுங்கள், அது அவர்களுக்கு மரியாதைக் குறைவு. கடைக்கார அம்மாவும், சொந்த ஊர்க்காரியோடு இருக்கட்டும் என்று, றோஸ்மலரை ஒவ்வொரு கிழமையும் கடைசி வாங்குக்கே அனுப்பி வைத்தாள். லெபனான் மலைநாட்டுச் சனம் முழுவதும், தங்களுக்கே தெரியாமல், யாழ்ப்பாணத்துத் தாகசாந்திப் பந்தலில் செம்போடு நின்றது.

பியற்றிஸ் வீட்டில் ஒருதரம் கதையைத் தொடங்கிப் பார்த்தாள்.

"சின்னவன்ர மகளோ?" என்றார் செல்வரத்தினம், ரீவியை விட்டுக் கண்ணெடுக்காமல். "பக்கத்திலயோ இருக்கிறாள்? லண்டன் எண்டாப்போல எல்லாரும் ஒண்டே?"

அந்தக் கேள்வி தன் கைகளுக்குள்ளும் இருந்தது என்பதுதான் பியற்றிஸைச் சுட்டது. ஒவ்வொரு ஞாயிறும் பஸ்ஸில் வரும்போது, இன்றைக்குப் பிடித்துவிடுகிறேன் என்று நினைப்பாள். சமாதானம் வரும். றோஸ்மலர் கீழே ஏந்துவாள். நுஹாட் பார்த்துக்கொண்டிருப்பாள். இப்போது பிடித்தால் அன்றைக்குச் சொன்னது பொய்யென்று ஆகிவிடுமே! அவள் விரிப்பாள். பூசை முடிந்தபின் இருவரும் ஒன்றாக அலுமாரியைப் பூட்டுவார்கள், ஊர்ப் புதினம் கதைப்பார்கள், யார் எந்த அகதிக் காம்பில் என்று விசாரிப்பார்கள். அந்த ஒன்றை மட்டும் இருவரும் கதைக்கமாட்டார்கள்.

தொண்ணூற்றைந்தின் கடைசியில் இராணுவம் வருகிறதென்று யாழ்ப்பாணமே வீதியில் இறங்கி நடந்தபோது, அந்த நடையில் றோஸ்மலரின் தாய் செத்துப்போனாள். செய்தி வந்த ஞாயிறு றோஸ்மலர் மண்டபத்தில் ஒரு கதிரையில் இருந்து வாயைப் பொத்தி அழுதாள். லெபனான்காரர் செத்த வீட்டில் கட்டிப்பிடித்து அழுகிறவர்கள். கிழவிகள் கையை விரித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். வந்தவர்கள், நினைவு வந்து, ஓர் அடி தள்ளி நின்றார்கள். கைகளைக் கூப்பிக்கொண்டு, கண்ணீரோடு, மிகுந்த மரியாதையோடு நின்றார்கள். அவளை ஒருவரும் தொடவில்லை.

பியற்றிஸ் கையில் தேநீரோடு அந்த வளையத்துக்கு வெளியே நின்றாள். தான் செய்த வேலையை முழுதாக அன்றைக்குத்தான் பார்த்தாள். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டிருக்கலாம். அதையும் செய்யவில்லை. கோப்பையைக் கதிரைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

அடுத்த வருடம் மரோனைட் சனத்துக்குச் சொந்தக் கோயில் கிடைத்தது. ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த சின்னக் கோயில் ஒன்று. கூரை ஒழுகும், ஆனால் தங்களுடையது. இனி அலுமாரி இல்லை, இரவல் இல்லை. திறப்பு விழாவுக்கு முன்னால் அபூனா பியற்றிஸைக் கூப்பிட்டார். அவர் முகம் மலர்ந்திருந்தது.

"உம் சலாம், நாங்கள் பிரிந்து கிடந்தபோது சமாதானத்தைச் சுமந்தவள் நீ. முதல் பூசையில் பீடத்திலிருந்து நேரே நீதான் வாங்கவேண்டும். இன்னுமொன்று. அன்றைக்கு நாங்கள் எல்லாரும் உங்கள் முறைப்படியே கொடுப்போம். தொடாமல். உங்கள் சனத்துக்கு எங்கள் நன்றி அது."

ஒரு கோயில் முழுக்க, பீடத்திலிருந்து கதவுவரை, அந்தக் கேவலம்! அவள் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, பழைய அலுமாரியைக் காலி செய்துகொண்டிருந்த றோஸ்மலரிடம் போனாள்.

"இஞ்சை, உன்னோட ஒண்டு கதைக்க வேணும்," என்று தொடங்கி, அபூனாவின் திட்டத்தைச் சொன்னாள். "நான் எல்லாத்தையும் அவருக்குச் சொல்லப் போறன். ஊரில நாங்கள் உங்களுக்குச் செய்ததை. நான் சொன்ன பொய்யை."

றோஸ்மலர் தூபகலசத்தைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"சொல்லி?"

"சொன்னாத்தான் எனக்கு..."

"என்னட்டையும் அபூனா கேட்டவர், ரெண்டு மூண்டு வருசத்துக்கு முன்னம். இது மெய்யாவே உங்கட வழக்கமோ எண்டு. நானும் ஓம் எண்டுதான் சொன்னனான்."

"ஏன்? ஏன் அப்பிடிச் சொன்னனீ?"

"வேற என்னத்தைச் சொல்ல? அதைச் சொல்லிறதெண்டா நான் ஆர் எண்டும் சொல்ல வேணுமெல்லே. இந்தச் சனத்துக்கு நான் றோஸ்மலர். பாண் கடை றோஸ்மலர். முதல் ரெண்டு கிழமையும் என்ர கையைப் பிடிச்சவை." அவள் துணியின் நுனியை இறுக்கி முடிந்தாள். "உங்கட மனம் லேசாகிறதுக்கு என்ர கதையைச் சொல்லாதையுங்கோ, அம்மா."

உண்மையைச் சொல்லிப் பியற்றிஸ் புண்ணியம் தேடிக்கொள்ளலாம் என்றுகூடக் கணக்குப் போட்டிருந்தாள் போலும். அந்த வாசலும் அடைபட்டது. தன் அசிங்கத்தைக் கழுவுவதற்கும் றோஸ்மலரின் கைத்தண்ணீர்தானா வேண்டும்? நினைக்க நினைக்கத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனால் சும்மா இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும்.

அவள் அபூனாவிடம் திரும்பிப் போனாள்.

"அபூனா, அது தமிழர் முறை இல்லை. நான் பொய் சொன்னேன். அது என்னுடைய முறை மட்டும்."

அபூனாவுக்கு விளங்கவில்லை. "ஏன் அப்படி ஒரு முறை?"

"எனக்கு மற்றவர்களுடைய கையைத் தொடப் பிடிக்காது. அழுக்கு என்று நினைத்தேன்."

"யாருடைய கை?"

அதற்குரிய பதில் நாக்கு நுனியில் இருந்தது. பியற்றிஸ் அதை விழுங்கினாள்.

"எல்லாருடையதும்," என்றாள். "உங்கள் எல்லாருடைய கையும். றோஸ்மலர் பாவம், எனக்காக அப்படிச் செய்தாள். என்னைக் காப்பாற்ற உங்களிடமும் பொய் சொன்னாள்."

அபூனா அவள் முகத்தைப் பார்த்தார். வாங்குகளுக்கு நடுவே எழுந்து நின்ற அந்தப் பெண்ணைத் தேடினாரோ என்னவோ. பிறகு, "நீ சொன்னதை நான் சனத்துக்குச் சொல்லலாமா?" என்று கேட்டார்.

"சொல்லுங்கள். எல்லாருக்கும் தெரியவேண்டும்."

சொன்னார். மண்டபத்தில் அதற்குமேல் ஒருவரும் உம் சலாம் என்று கூப்பிடவில்லை. திட்டவுமில்லை, அந்த அளவுக்கு மரியாதை மிஞ்சியிருந்தது. எங்கள் கை அழுக்கு என்று நினைத்துக்கொண்டா இத்தனை காலம் எங்கள் பாணைத் தின்றாள் என்று ஒரு கிழவி கேட்டதாக மட்டும் காதில் விழுந்தது. அவளுக்கு வலித்தது, மிகவும் வலித்தது. பொய்யாகச் சொன்னதென்றாலும், கேட்ட முகங்கள் பொய்யல்லவே. போகாமல் விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தாள். போகாவிட்டால் றோஸ்மலர் கடைசி வாங்கில் தனியே இருப்பாள் என்று தோன்றியதால் திறப்பு விழாவுக்குப் போனாள்.

புதுக் கோயிலிலும் அவள் கடைசி வாங்கில்தான் இருந்தாள். புனிதரின் படம் முதன்முறையாகச் சுவரில் ஆணியடித்துத் தொங்கியது. பீடத்திலிருந்து சமாதானத்தை வாங்கியது வேறு யாரோ ஒரு தாய். அது இடதுபக்கத்தால் கைமாறிக் கைமாறி வந்தது. முன்வாங்கில் நுஹாட் திரும்பினாள். வழக்கமான புன்னகை இல்லை. கூப்பிய கைகளை உயரே நிறுத்தி, பியற்றிஸின் முகத்தைப் பார்த்தபடி, தொடாமல் விரித்தாள். முன்பு மரியாதைக்காகச் செய்ததையே இப்போது கோபத்துக்காகச் செய்தாள். பார்ப்பதற்கு இரண்டுக்கும் வேறுபாடு இருக்கவில்லை.

பியற்றிஸ் கைகளைச் சேர்த்துக் குவித்துக் கீழே ஏந்தினாள். இப்படி ஏந்தினால் தலை தானாகவே குனியும் என்பது அவளுக்கு இதுவரை தெரியாது. ஊற்றுகிறவரின் முகம் தெரியாது, கைகள் மட்டும்தான் தெரியும்.

அவள் அப்படியே குனிந்த தலையோடு பக்கத்துக்குத் திரும்பினாள். றோஸ்மலர் கைகளை மற்ற எல்லாரையும் போல நேராக விரித்து வைத்திருந்தாள். பியற்றிஸின் கைகள் இன்னும் கீழேயே, ஏந்தியபடியே நின்றன. நுஹாட் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர் வரிசையும் பார்த்துக்கொண்டிருந்தது.

"கையை மேலை எடுங்கோ அக்கா," என்றாள் றோஸ்மலர், உதடு அசையாமல். "ஆக்கள் பாக்கினம்."

பியற்றிஸ் கைகளைக் கூப்பி உயர்த்தினாள். றோஸ்மலர் அவற்றைப் பொத்தி வாங்கினாள். உள்ளங்கையில் அடுப்புச் சூடு பட்டுக் காய்த்த தழும்புகள் இருந்தன. எல்லாருக்கும் பிடிக்கிற அளவுக்குத்தான் பிடித்தாள், கூடவுமில்லை, குறையவுமில்லை. பிறகு விட்டுவிட்டு, எழுந்து நடுப்பாதையைத் தாண்டினாள். அங்கே மூன்று நான்கு பேர் ஒரே நேரத்தில் அவள் கைகளைப் பிடிக்கக் கை நீட்டினார்கள்.